தொண்டு கற்பிக்கும் பாடம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்லூரி மாணவர் ஏழை எளியவர்க்குத் தொண்டு செய்வதால் அடையும் கல்வி யாது என்பது பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தார். கல்லூரியின் வாயிற்படியை மிதித்தறியாதவர் யாம். பத்தாம் வகுப்புத் தேறியவுடன் ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடும் படிவங்களோடும் காலம் கழித்து வருகிறோம். "இதற்குப் பேராசிரியர் எவரையேனும் அழைக்கலாமே" என்றோம். "பேராசிரியர் தொண்டின் இலக்கணம் கூறுவார், எங்களுக்கு வேண்டுவது நீங்கள் கண்டது" என்று செயலாளர் மறுமொழி கூறினார். கண்டதைக் கூறுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை அன்றோ? ஆதலின் துணிந்து நிற்கிறோம்.

செய்தி யாதென்பதை அவையோர் அறிவீர்கள். சென்ற ஆண்டு நம் குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள் பதின்மர் ஒன்றுகூடி, ஞாயிறுதோறும் சயான் நிலையத்தில் இறங்கித் தாராவிக்குச் சென்று, அங்குள்ள சிறுவர் சிறுமியர்க்குப் பாடம் சொல்லித் தரத் தொடங்கினர். சங்கத்தின் பெயரால் தொடங்கிய அப்பணியில் இன்று எஞ்சியிருப்போர் நால்வர். ஏனையோர் சோம்பலால் விலகினார் அல்லர், பெற்றோர் நிறுத்திவிட்டனர். வகுப்பைத் தொடர்வதா, மூடுவதா என்று செயற்குழு ஆலோசித்து வருகிறது. ஆகவே இன்று யாம் பேசுவது பொழுதுபோக்குப் பேச்சன்று. நம் வீட்டு வழக்கு ஒன்று அவையின் முன் வந்திருக்கிறது. அவ்வழக்கில் பிள்ளைகளின் பக்கம் நின்று பேசவே வந்தோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். திருக்குறளின் 23-ஆம் அதிகாரம் ஈகை. அதற்கு முன்னுள்ள 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. தம்மோடு வாழும் மக்களின் நிலையை அறிந்து, அவர்க்குப் பயன்படுவதைத் தம் கடமையாகக் கொள்வது ஒப்புரவு. ஈகை வேறு, ஒப்புரவு வேறு என்று நம் முன்னோர் பிரித்து வைத்தனர். அதனினும் நுட்பம் ஒன்று உண்டு. அவ்வதிகாரத்தின் பெயர் 'ஒப்புரவு செய்தல்' என்று அமையாமல் 'ஒப்புரவறிதல்' என்று அமைந்திருக்கிறது. செய்வதற்கு முன் அறிதல் வேண்டும். செய்யச் செய்ய மேலும் அறிதல் கூடும். கல்லூரி மாணவர் தொண்டிலிருந்து பெறும் கல்வியைப் பற்றி யாம் கூறப்போவது எல்லாம் இந்த 'அறிதல்' என்னும் ஒரு சொல்லுக்கு விரிவுரையே ஆகும்.

மாணவர் வறியவரிடையே சென்று பழகுதல் இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1884-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் கிழக்கே, வறுமை மலிந்த ஒயிட்சேப்பல் பகுதியில், சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியாரும் அவர் மனைவி என்றியெட்டா அம்மையாரும் டாயின்பி மண்டபம் என்னும் இல்லம் ஒன்றை நிறுவினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் பட்டதாரிகளும் அங்கே வந்து தங்கி, அண்டை அயலில் வாழ்ந்த தொழிலாளரோடு பழகினர். சில மணி நேரம் வந்து பிச்சையிட்டுச் செல்லாமல் அங்கேயே குடியிருந்து அறிதல் வேண்டும் என்பது பார்னெட்டின் கொள்கை.

அவ்வில்லத்தில் 1903 முதல் துணைப் பொறுப்பாளராகப் பணியாற்றிய இளைஞர் வில்லியம் பெவரிட்ஜ். பிற்காலத்தில், 1942-இல், நோய், முதுமை, வேலையின்மை ஆகியவற்றினின்று குடிமக்களைக் காக்கும் திட்டம் ஒன்றை வகுத்து அறிக்கை தந்தவர் அவரே. இன்னோர் இளைஞரின் கதை இதனினும் சுவையானது. செல்வக் குடியிற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று, வழக்கறிஞராக முற்பட்டிருந்த அவ்விளைஞர், 1905-இல் தம் பழைய பள்ளி நடத்திய சிறுவர் மன்றம் ஒன்றைக் காண இலண்டனின் கிழக்குப் பகுதிக்குச் சென்றார். ஒருநாள் பார்வையிடச் சென்றவர், வாரந்தோறும் செல்லலானார். 1907-இல் அம்மன்றத்தின் பொறுப்பையே ஏற்று அங்குக் குடியேறினார். ஏழைகள் ஏழைகளாக இருப்பது அவர்தம் குணக்குறையால் என்னும் எண்ணம் அங்கே அவரைவிட்டு அகன்றது. அவர் கிளமெண்ட் அட்லி. 1945-இல் பிரிட்டனின் பிரதமரானவர். நம் நாட்டின் விடுதலைச் சட்டம் 1947-இல் நிறைவேறியதும், பிரிட்டிஷ் மக்கள் அனைவர்க்கும் மருத்துவம் வழங்கும் பொதுச் சேவை 1948-இல் தொடங்கியதும் அவர் ஆட்சிக் காலத்திலேயே. சிறுவர் மன்றத்தில் கற்ற பாடம் ஒரு நாட்டின் சட்டமாக மலர்ந்தமை காண்மின்!

நாம் வாழும் இந்நகரத்திலும் அவ்விதை ஊன்றப்பட்டது. கிளிபோர்டு மான்சார்ட் என்னும் அமெரிக்கர் பம்பாய் நாகபாடாவில் அயலார் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவரை முதல்வராகக் கொண்டு 1936-இல் அவ்விடத்திலேயே சமூகத் தொண்டுக்கான உயர்கல்விப் பள்ளி ஒன்று சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் தோன்றியது. இன்று தேவனாரில் விளங்கும் டாட்டா சமூக அறிவியல் கழகம் அதன் வளர்ச்சியே. அங்குப் பயில்வோர் நூலறிவோடு நில்லாமல் மக்களிடையே சென்று பணியாற்றுவதும் பாடத்தின் ஒரு கூறாக அமைந்துள்ளது.

பின்னர், காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், அந்நாள் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் அவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு அது தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுத் தொண்டும், ஏழு நாள் முகாம் ஒன்றும் அதன் அமைப்பு. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் குறிக்கோள் மொழி. கோணார்க்கச் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம் அதன் சின்னம்.

இன்னும் ஒருவரைக் கூறி வரலாற்றை முடிப்போம். 1960-களின் நடுவில் பீகாரில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்துற்றது. தில்லியின் புகழ்பெற்ற கல்லூரியில் பயின்றவரும், ஸ்குவாஷ் ஆட்டத்தில் தேசிய வாகையருமான பங்கர் ராய் என்னும் இளைஞர் அங்குச் சென்றார். கண்ட காட்சி அவர் வாழ்வின் திசையை மாற்றியது. 1972-இல் இராஜஸ்தானத்தில் திலோனியா என்னும் சிற்றூரில் தம் பணியைத் தொடங்கினார். தேர்வில் தவறிவிட்டீரா, காவலர்க்கு அஞ்சி ஓடி வந்தீரா, அரசு வேலை கிட்டவில்லையா என்று அவ்வூர்ப் பெரியவர்கள் தம்மை வினவியதாக அவரே பின்னர்க் கூறியுள்ளார். படித்தவன் ஏழைகளை நாடி வந்தால் அவனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்பது ஊராரின் கணக்கு! அவர் அமைத்த 'வெறுங்கால் கல்லூரி' பட்டத்தைப் பொருட்படுத்தாது கைத்திறனைப் போற்றுவது. எம் போன்ற மெட்ரிகுலேஷன் ஆசாமிகளுக்கு இதைவிட இனிய செய்தி வேறு உண்டோ?

இனி, நம் பிள்ளைகள் தாராவியில் கற்ற பாடங்களுக்கு வருவோம். அவர்கள் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூறியவற்றையும், சில ஞாயிறுகளில் உடன்சென்று யாம் நேரிற் கண்டவற்றையுமே கூறுகிறோம்.

முதற் பாடம், உழைப்பைப் பற்றியது. வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி பாட நேரத்தில் தூங்கி விழுவாள். அவளுக்குக் கற்பித்த நம் கல்லூரிப் பெண், "இவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று வாரம் சென்றபின், சிறுமியின் தாயோடு பேசியபோது செய்தி விளங்கிற்று. அத்தாய் இட்டிலி விற்பவள். அடுப்பு மூட்டுவது விடியலுக்கு முன் மூன்று மணிக்கு. சிறுமி நான்கு மணிக்கு எழுந்து, தெருக் குழாயில் நீர் வரும் சிறிது நேரத்துக்குள் குடங்களை நிரப்புகிறாள். பின்னர்ச் சட்னிக்குத் தேங்காய் துருவுகிறாள். அதன்பின் பள்ளிக்குச் செல்கிறாள். மாலையில் படிக்கலாம் என்றால் அவ்வீட்டில் உள்ளது ஓர் அறை. இரவுப் பணிக்குச் செல்லும் தந்தை அதுவரை அங்கே உறங்குகிறார்.

அன்பர்களே, நம்மிற் பலர் அலுவலகம் செல்லும் வழியில் மிதிவண்டிக்காரரிடம் இட்டிலி வாங்கி உண்கிறோம். அது எந்த அடுப்பில் வெந்தது, எந்தச் சிறுமியின் உறக்கத்தைக் கொண்டு வெந்தது என்று எண்ணியதுண்டோ? நம் பெண் அதனை அறிந்தாள். அன்று முதல் சிறுமியைக் கடிந்துகொள்வதை விடுத்து, பாட நேரத்தைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினாள். சிறுமி விழித்திருந்தாள், பாடமும் ஏறியது. ஏழை சோம்பேறி என்னும் தீர்ப்பை நாம் எவ்வளவு எளிதாக வழங்கிவிடுகிறோம்! அத்தீர்ப்பைத் திருத்திக்கொள்ள மூன்று வாரப் பழக்கம் வேண்டியிருந்தது. எந்தப் பாடநூலும் அதனைச் செய்திராது.

இரண்டாம் பாடம், கணக்கைப் பற்றியது. நம் மாணவர் ஒருவர் வணிகவியல் பயில்பவர். கடன் வாங்கிய குடும்பம் ஒன்றின் கணக்கை அவர் எழுதிப் பார்த்தார். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் கிடைத்தது 8,500. நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இதற்குத் 'தண்டல்' என்று பெயர். "எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி, வங்கியைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே" என்று முதலில் கருதினார். பின்னர் நன்கு எண்ணிப் பார்த்தார். நாள்தோறும் அசல் திரும்பிக்கொண்டே இருத்தலின், சராசரியாகக் கடனாளியிடம் நின்ற தொகை பாதியளவே. நூறு நாளுக்கு இவ்வட்டி என்றால் ஓராண்டுக்கு எவ்வளவு? நூற்றுக்கு நூறையும் கடந்து செல்கிறது! மாணவர் திகைத்து, "அம்மா, இவ்வளவு வட்டிக்கு வாங்கலாமா?" என்று வினவினார். அந்த அம்மையார் கூறிய மறுமொழி: "தெரியும் தம்பி. ஆஸ்பத்திரியில சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டணும்னாங்க. எந்த பேங்க்கு சாயங்காலத்துக்குள்ள குடுக்கும்?"

அறியாமையால் அவர் கடன்படவில்லை. நம்மைவிட நன்றாகவே கணக்கு அறிந்தவர். நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் சேமநிதியில் முன்பணம் உண்டு. ரயில்வே மருத்துவமனை உண்டு. கூட்டுறவுச் சங்கக் கடன் உண்டு. அவருக்கு உள்ளது தண்டல்காரர் ஒருவரே. எண்ணெயை லிட்டராக வாங்கினால் விலை குறைவு என்பதை அவரும் அறிவார். ஆயினும் அன்றைய கூலியில் அன்றைய பாக்கெட்டைத்தானே வாங்க இயலும்? பணம் குறைந்தவர்க்கே பண்டமும் கடனும் அதிக விலைக்குக் கிடைக்கின்றன என்னும் பொருளாதாரத்தை அம்மாணவர் அன்று கற்றார்.

மூன்றாம் பாடம், காகிதத்தைப் பற்றியது. இது எம் தொழிலோடு ஒட்டியது. ஆதலின் சற்று விரித்துக் கூறப் பொறுத்தருள்க. தமிழராகிய நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. இங்குள்ள படிவங்களோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. மு. கருப்பசாமி என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ரேஷன் அட்டையில் அவர் கருப்பசாமி முத்தையா. ஆதார் அட்டையில் முத்தையா கருப்பசாமி. வங்கிப் புத்தகத்தில் கருப்பசாமி எம். ஆங்கில எழுத்துக் கூட்டலும் மூன்றிலும் மூவகை. கணினிக்கு இவர் மூன்று மனிதர்! உயிரோடு நிற்கும் ஒருவர் 'நான் ஒருவனே' என்று மெய்ப்பிக்க ஒரு நாட் கூலியை இழந்து வரிசையில் நிற்கிறார். 'நாளை வா' என்றால் மறுநாட் கூலியையும் இழக்கிறார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்குகிறது. அவ்விடத்தைப் பெறப் பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு கணினியில் விண்ணப்பிக்க வேண்டும். தாராவியின் மறுசீரமைப்புக்காக 2024-இல் தொடங்கிய கணக்கெடுப்பிலும் காகிதமே பேசுகிறது. சட்டம் வழங்கிய உரிமைக்கும் குழந்தையின் கைக்கும் இடையே ஒரு பெயர் எழுத்துப் பிழை மதில்போல் நிற்கிறது. நம் பிள்ளைகள் பாடம் சொல்லச் சென்ற இடத்தில் பாதி நேரம் படிவம் எழுதினர். சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி, "சட்டப் பிரிவு எனக்கு மனப்பாடம், அது வாசல் வரை வந்து சேருவதற்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பது இங்கேதான் தெரிந்தது" என்று கூறினாள். எதிர்காலத்தில் வழக்கறிஞராகவோ அதிகாரியாகவோ அமரப்போகும் ஒருத்தி இதனை இருபது வயதில் அறிவது நாட்டுக்கு எத்துணை நன்மை!

2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தை எவரும் மறந்திரார். மே 1-ஆம் நாள் தெலங்கானத்தின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் சிரமிக் சிறப்பு ரயில் புறப்பட்டது. தொடர்ந்து நாடெங்கும் அத்தகைய ரயில்கள் ஓடின. இந்நகரத்தினின்றும் உழைப்பாளர் பலர் ஊர் திரும்பினர். நிலையத்தில் வண்டி நின்றது உண்மை. ஆயினும் அதில் ஏறுவதற்குப் பெயர் பதிய வேண்டும், படிவம் தர வேண்டும். அந்நாட்களில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை ஒரு தெருவுக்கே கண்ணாக விளங்கியதை ரயில்வேக்காரராகிய யாம் அறிவோம்.

நான்காம் பாடம், பணிவைப் பற்றியது. கேட்டு மகிழ வேண்டிய செய்தி இது. சிறிது நாணவும் வேண்டும். தாராவிச் சிறுவர் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் பேசுகின்றனர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளோ தமிழ்ப் பாடநூலைத் தங்குதடையின்றிப் படிக்கின்றனர். நம் கல்லூரிச் செல்வர்களுள் சிலர்க்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஒரு ஞாயிறன்று ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பொறியியல் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைக்கு ணகர, னகர வேறுபாட்டைக் கற்பித்ததை யாம் கண்டோம். ஆங்கிலம் கொடுத்துத் தமிழ் பெற்றுத் திரும்பினான் நம் பிள்ளை. நாம் இச்சங்கத்தில் ஆண்டுதோறும் முயன்றும் முடியாததை அச்சிறுவன் நான்கு ஞாயிறுகளில் முடித்துவிட்டான்! கொடுக்கச் சென்றவன் பெற்று வந்தான் என்றால், அவ்விடத்தில் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார்?

ஐந்தாவதும் இறுதியுமான பாடமே யாம் பெரிதும் வலியுறுத்த விழைவது. தாராவிக்குத் தமிழர் வந்தது எப்போது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் அங்கு வந்து குடியேறினர். பின்னும் பஞ்சத்தாலும் பிழைப்பின்மையாலும் பலர் வந்தனர். நம் குடும்பங்களும் ஊரை விட்டு ரயிலேறி வந்தவையே. தகரப் பெட்டி ஒன்றும், கட்டுச் சோறும், தெரிந்தவரின் முகவரி எழுதிய துண்டுக் காகிதமும் கொண்டு, ஒரே வண்டியில், ஒரே மரப்பலகையில் அமர்ந்து வந்தவர் இருவர். ஒருவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருந்தார். மற்றவரிடம் அது இல்லை. ஒருவர்க்கு அரசாங்க வேலையும் அதனோடு குடியிருப்பும் மருத்துவமும் ஓய்வூதியமும் கிடைத்தன. மற்றவர்க்குத் தோல் ஆலையும் ஓரறை வீடும் கிடைத்தன. அறிவாலும் உழைப்பாலும் இருவர்க்கும் இடையே இருந்த வேற்றுமை மிகச் சிறிது. அச்சிறு வேற்றுமை இரண்டு தலைமுறையில் மலையளவு வளர்ந்துவிட்டது. பேரன் ஒருவன் பொறியியல் கல்லூரியில். மற்றொருவன் நீர்க் குழாயடியில்.

இவ்வுண்மையை நேரில் கண்ட மாணவன் தன் வெற்றியைத் தன் திறமை ஒன்றாலேயே விளைந்தது என்று செருக்கான். நாளை அவன் மேலதிகாரியாக அமரும்போது, எதிரே வந்து நிற்கும் ஏழையை 'நாளை வா' என்று சொல்ல அவனுக்கு நா எழாது. தொண்டு கற்பிக்கும் பாடங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே முடிவு என்று கருதுகிறோம்.

ஆயினும் தொண்டு என்னும் பெயரால் நிகழ்வன எல்லாம் இப்பாடத்தைக் கற்பிப்பதில்லை. ஒருநாள் சென்று தெருவைப் பெருக்கிப் படம் எடுத்துத் திரும்புவோர் உளர். சான்றிதழுக்காகவும் சலுகை மதிப்பெண்ணுக்காகவும் மணிக்கணக்கை நிரப்புவோரும் உளர். ஏழைக் குழந்தையின் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, படம் எடுக்கும் வரை அதனைச் சிரித்துக்கொண்டு நிற்கச் செய்வதும் உண்டு. இவர்கள் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்புகின்றனர். குழந்தைக்கு மட்டும் ஒன்று எஞ்சுகிறது: 'அக்கா அடுத்த வாரம் வருவேன் என்றார், வரவில்லை' என்னும் ஏக்கம். நம் வகுப்பிலிருந்து அறுவர் விலகியபோது, அவர்கள் கற்பித்த குழந்தைகள் இரண்டு மூன்று ஞாயிறுகள் வாயிலிலேயே நின்று பார்த்திருந்தனர் என்று எஞ்சிய நால்வரும் கூறக் கேட்டோம்.

ஆதலின் வகுப்பைத் தொடர்வதாயின் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டவர் ஓராண்டேனும் நிலைத்திருத்தல் வேண்டும். ஒருவர்க்கு ஒப்படைத்த குழந்தைகளை இடையில் மாற்றலாகாது. வர இயலாத ஞாயிற்றை முன்கூட்டியே குழந்தையிடம் கூறுதல் வேண்டும். இன்னது தேவை என்று நாமே முடிவு செய்யாமல் அங்குள்ள தாய்மாரைக் கேட்டறிதல் வேண்டும். படம் எடுத்தலை அறவே விலக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளோடு, அதே சந்தில் வாழும் மராத்தி, இந்தி பேசும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பசிக்கு மொழி இல்லை.

இனிப் பெற்றோரின் தடைகளுக்கு வருவோம். "படிப்புக் கெடும்" என்பர். வாரத்தில் மூன்று மணி நேரம், போக்குவரத்து உட்பட. கைப்பேசியில் நம் பிள்ளைகள் ஒரு நாளில் கழிக்கும் நேரம் அதனினும் மிகுதி என்பதைத் தாய்மார்களே அறிவீர்கள். தேர்வு மாதத்தில் விடுப்பு அளித்தால் போதும். "பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்பர். நியாயமான கவலை. இருவர் மூவராகச் செல்லட்டும். பகலில் சென்று பொழுது சாயுமுன் திரும்பட்டும். முறை வைத்துக்கொண்டு நம்முள் ஒருவர் துணை செல்வோம். முதல் முறையை யாமே ஏற்கிறோம். "கீழான இடம்" என்று தாழ்ந்த குரலில் கூறுவோரும் உண்டு. அவர்கட்கு ஒரே மறுமொழி: உங்கள் காலையுணவு அங்கிருந்தே வருகிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இச்சங்கம் உங்களிடம் நன்கொடை கேட்டு இன்று நிற்கவில்லை. விலகிய அறுவரையும் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறன்று மீண்டும் அனுப்புங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களோடு, படிவம் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் இருவரும் வாருங்கள். நமக்கு வேறொன்றும் தெரியாவிட்டாலும், எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் மேசையைத் தாண்டிக் கோப்பு நகரும் என்பது தெரியும். அலுவலகத்தில் ஊதியத்துக்குச் செய்யும் வேலையை ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒப்புரவாகச் செய்வோம். பிள்ளைகள் பாடம் சொல்லட்டும். நாம் பெயர் திருத்துவோம். அவர்கள் கற்பதை நாமும் உடனிருந்து கற்போம். வகுப்பை மூடுவதற்குத் தீர்மானம் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், அதனை எடுத்து வைத்துவிடுமாறு செயற்குழுவைப் பணிவோடு வேண்டுகிறோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!